நான் போறப்ப ஓடிச்சு

நர்ராபில் ஊரில் பித்தளைப் பலகை பதித்துத் திறந்துவைக்கப்பட்ட கட்டடம் ஒன்றே ஒன்றுதான். அது பொதுக் கழிப்பறை. பழைய டாக்டர் வீட்டை இடித்துவிட்டு அந்த மனையில் கட்டியது. திறப்பு விழாவில் கவுன்சிலர் நெவில் பாஸ்கோ முக்கால் மணி நேரம் பேசினார். முன்னோர்களின் வியர்வை என்றார், நாளைய தலைமுறை என்றார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவசரம். ரிப்பனை எப்போது வெட்டுவார் என்று கால் மாற்றிக் கால் நின்றுகொண்டிருந்தார்கள்.

அதற்கு நேர் எதிரே, கோதுமை சேமிக்கும் சைலோ கோபுரங்களின் அடியில் என் எடைமேடை. அறுவடை மாதங்களில் லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை போடுவேன். மற்ற மாதங்களில் ஜன்னல் வழியாகக் கழிப்பறையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டுக்கும் ஒரே சம்பளம். ஊர் எனக்கு வைத்த பெயர் அவுன்ஸ். ஓர் அவுன்ஸைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டான் என்று பொருள். என் சொந்தப் பெயர் வாக்காளர் பட்டியலுக்குத்தான் தெரியும்.

எண்பத்து நான்கில் எலி வந்தது. மழை வந்தது என்பதைப்போல நாங்கள் ஒருமையில்தான் சொல்வோம். விரல் நீளச் சுண்டெலிதான். ஆனால் தரையே நகர்வதைப்போல வரும். கட்டில் கால்களைத் தண்ணீர் டப்பாக்களில் நிறுத்தினோம். ரொட்டியைக் கூரையிலிருந்து கம்பி கட்டித் தொங்கவிட்டோம். வைக்கோல் கட்டும் சணலால் கணுக்காலில் பேண்ட்டை இறுக்கிக் கட்டாமல் எவனும் கொட்டகைக்குள் நுழைய மாட்டான். கட்டாமல் நுழைந்தவன் இரண்டாம் முறை மறக்க மாட்டான்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் கிளெம் ட்ரெலோர் எடைமேடைக்கு வந்து, தொப்பியைக் கழற்றாமல் கதவில் சாய்ந்து நின்றான். அறுபத்திரண்டு வயது. வலது பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும்.

"அவுன்ஸ், சும்மாத்தான இருக்க?"

"சம்பளம் வாங்கறேன். அதைச் சும்மான்னு சொல்லாத."

"கொட்டகைல வண்டி ஒண்ணு கெடக்கு. ஓட வைக்கணும்."

எந்த வண்டி என்று நான் கேட்கவில்லை. இந்த மாவட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

"ஏலத்துக்கா?"

கிளெமும் வெர்னாவும் பண்ணையை விற்றுவிட்டுக் கடலோரத்தில் மகள் வீட்டுப் பக்கம் போவதாக இருந்தார்கள். ஏப்ரல் இருபத்தெட்டு, சனிக்கிழமை, ஏலம். போகிறவர்கள் டிராக்டர் முதல் தகரக் குவளை வரை வயலில் வரிசையாகப் பரப்பி வைப்பார்கள். அக்கம்பக்கத்தார் வந்து அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையை உதைத்துப் பார்த்து, பல்லைப் பிடித்துப் பார்த்து, விலை கேட்பார்கள்.

"ஏலத்துக்கு இல்ல," என்றான் கிளெம். "வித்துட்டா அப்புறம் தெரிஞ்சுக்க முடியாது."

"என்னத்த?"

"அன்னைக்கு அது ஏன் கெளம்பலைன்னு."

தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான்.

அவன் பண்ணை ஊரிலிருந்து பன்னிரண்டு மைல். மறுநாள் போனபோது வெர்னா வாசலிலேயே சணலோடு நின்றாள்.

"கட்டிக்க. கட்டாம உள்ள போன, அப்புறம் பேண்ட்டுக்குள்ள எது எலி எது நீன்னு நான் வந்து பிரிச்சுக் குடுக்க மாட்டேன்."

"ரெண்டுக்கும் அளவுல வித்தியாசம் இருக்கு வெர்னா."

"உன் பொண்டாட்டி வேற மாதிரி சொன்னா."

தகரக் கொட்டகைக்குள் சுண்டெலிகளின் வாடை மூக்கில் ஆணி அடித்ததுபோல் இருந்தது. தீவன மூட்டைகள் அசைந்தன. உத்தரத்தில் வரிசையாக வால்கள். மூலையில் சாக்குகளுக்கு நடுவே அந்த வண்டி சுவரில் சாய்ந்து நின்றது. முப்பத்தெட்டில் இங்கிலாந்தில் செய்த மோட்டார் சைக்கிள், ஒற்றைச் சிலிண்டர், ஐந்நூறு சி.சி. சீட்டுத் தோல் வெடித்து ஸ்பிரிங் வெளியே தெரிந்தது. டயர்கள் பாம்பு உரித்த தோலைப்போல் கிடந்தன. புகைக்குழாயில் மண்குளவி கூடு கட்டியிருந்தது.

நான் கவனித்தது வேறு. வண்டியைச் சுற்றி நான்கு பக்கமும் இரண்டடிக்குத் தூசி சுத்தமாகப் படிந்திருந்தது. அதில் ஒரு சுண்டெலியின் கால்தடம்கூட இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆயிரம். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

"கிரீஸ் நாத்தம் அதுகளுக்குப் பிடிக்காது," என்றான் கிளெம்.

பக்கத்தில் நின்ற டிராக்டரின் கிரீஸை அவை நக்கிக்கொண்டிருந்தன. 

அன்று செய்தது ஒன்றுதான். சிலிண்டருக்குள் டீசலை ஊற்றி ஊற வைத்துவிட்டு, வெளியே தெரிந்த பாகங்களைக் கழற்றினோம். முதலில் கிக்கரைக் கழற்றினேன். வடக்கிலிருந்து அனல்காற்று கிளம்பி, வெளிச்சம் செம்மண் நிறமாக மாறிய நேரம். கிளெம் தேநீருக்காக வீட்டுக்குப் போயிருந்தான்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. *க்ரக்.* கொஞ்சம் இடைவெளி. *க்ரக்.*

பழைய வண்டியைக் கிக்கர் போட்டு உதைக்கும் சத்தம். அந்தக் கிக்கர் அப்போது என் கையில் இருந்தது.

கூரைத் தகரம், காற்று, எலி என்று எனக்கு நானே மூன்று காரணம் சொல்லிக்கொண்டு, மூன்றையும் நம்பாமல் வெளியே வந்தேன். வீட்டுப் பின்பக்கக் குழாயில் கிளெம் கை கழுவிக்கொண்டிருந்தான். உள்ளே வெர்னா சமையலறை மேசையில் ஸ்கோன் ரொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். உதடு மெல்ல அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தொம்பது," என்றாள் என்னைப் பார்க்காமல். "நாப்பது. நாப்பத்தொண்ணு." கையை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்தாள். "இப்ப ஓடற சத்தம் கேக்கும், பாரு."

கேட்டது. பூட்ஸ் கால் இரண்டு, சரளை மண்ணில், வாசல் பக்கமாக ஓடித் தேய்ந்து போனது. வாசலில் யாருமில்லை.

"வடகாத்து அடிக்கிற அன்னைக்கெல்லாம், உச்சி நேரத்துல. கல்யாணம் ஆகி வந்ததுலேந்து கேக்கறேன். எப்பவும் நாப்பத்தொண்ணு."

"கிளெமுக்குத் தெரியுமா?"

"கூரைத் தகரம்னு சொல்றான். முப்பது வருஷத்துல மூணு தடவ கூரைய மாத்திட்டான். ஸ்கோன் எடுத்துக்க, எலி தொடல."

அடுத்த ஐந்து வாரம் நான் பார்த்த வேலையை மெக்கானிக் யாராவது பார்த்திருந்தால் தொழிலை விட்டிருப்பான். பண்ணையை விற்கிறவன் கையில் காசு இருக்கும் என்று நினைப்பவர்கள் பண்ணை வைத்திருந்ததில்லை. டயரும் டியூபும் மட்டும் வாங்கினோம், அதுவும் யாரோ ஓட்டித் தேய்த்தவை. மற்றதெல்லாம் இருப்பதை வைத்துத்தான். பெட்ரோல் டேங்குக்குள் வேலி ஆணிகளையும் வினிகரையும் போட்டு, அதை டிராக்டர் சக்கரத்தில் கட்டி, நாள் முழுக்க வயலைச் சுற்றி வந்தான் கிளெம். உழாமல் எதற்குச் சுற்றுகிறான் என்று பக்கத்துப் பண்ணைக்காரன் போன் போட்டுக் கேட்டான். கேஸ்கட்டைத் தானியச் சிற்றுண்டி அட்டைப் பெட்டியில் வெட்டினோம். கிளச்சில் தேய்ந்துபோன தக்கைகளுக்குப் பதிலாக மதுக்கடையிலிருந்து பாட்டில் தக்கைகள். அவற்றை வெர்னா வெந்நீரில் போட்டு மென்மையாக்கித் தந்தாள். பெட்ரோல் குழாய், பால் கறக்கும் இயந்திரத்தின் ரப்பர். ஸ்பார்க் பிளக், தண்ணீர் பம்ப்பிலிருந்து.

பிளக்குக்குப் பொறி தரும் மேக்னெட்டோவைத் திறந்து துடைத்தேன். காந்தம் நன்றாக இருந்தது. அதிலிருந்து இடது கைப்பிடி லீவருக்குப் போகும் கேபிளும் கெட்டுப் போகாமல் இருந்தது. நல்லதாக இருப்பதை மாற்றக் காசில்லை என்று அப்படியே விட்டோம். எங்கள் ஏழ்மை செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று பிறகு தெரிந்தது.

வேலையின் நடுவே, ஒரு புதன்கிழமை, குளிர்ந்த ஆட்டிறைச்சியும் டப்பா பீட்ரூட்டும் வைத்த சாண்ட்விச்சைத் தின்றுகொண்டே கிளெம் பேச ஆரம்பித்தான். இருபது வருஷப் பழக்கத்தில் அதைப் பற்றி அன்றுதான் முதல் முறை.

"வண்டி எங்க அண்ணன் ஹார்வியோடது. நாப்பத்து நாலு அக்டோபர்ல பட்டாளத்துலேந்து கடைசி லீவுல வந்தான். நாலு நாள் லீவு. நாலு நாளும் இங்கயேதான். மேக்னெட்டோ செத்துடுச்சுன்னு முகாம்ல கழட்டிப் போட்ட வேற ஒண்ணைத் துணில சுத்திக் கொண்டாந்து மாட்டினான். ஒரே உதைல கெளம்பிச்சு. அம்மா கொட்டகை வாசல்ல நின்னு கை தட்டினா."

"அப்புறம்?"

"அப்பா லாரில ரயிலுக்குக் கொண்டு விட்டோம். ரயில் நகந்ததும் ஜன்னல் வழியா என்னமோ கத்தினான். எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. இடது கைய முஷ்டி புடிச்சு நீட்டி, கட்டை விரலால இப்பிடி, இப்பிடி முன்னால தள்ளிக் காட்டினான்." செய்து காட்டினான். "போடா, போய் வேலையப் பாருன்னு. அவன் எப்பவும் அப்பிடித்தான், பெரிய மனுஷன்னு நெனப்பு. நானும் அதே மாதிரி காட்டினேன். சிரிச்சான்."

சாண்ட்விச்சைக் கீழே வைத்தான். வைத்த கணத்தில் அது எலிகளுக்குச் சொந்தமானது.

"மூணு வாரம் கழிச்சு ஐவியப் பாம்பு கடிச்சுது. விறகுக் குவியல்ல, பழுப்புப் பாம்பு. எங்க தங்கச்சி. பதினேழு வயசு. அப்பா லாரிய எடுத்துட்டுச் சந்தைக்குப் போயிருந்தாரு. வடகாத்து, உச்சி நேரம், எதிர்ல வச்ச கை தெரியாத தூசி. டெலிபோன் கம்பி அறுந்து கெடந்துது. அவசரத்துக்குன்னு ஒரு டின் பெட்ரோல் பூட்டி வச்சிருந்தோம், ரேஷன் காலம். அதை ஊத்தி உதைச்சேன். திருப்பி அடிச்சுது. என்னைத் தூக்கி அந்தச் சுவத்துல போட்டுது. லீவரை இன்னும் இழுத்து வச்சு உதைச்சேன். திரும்பவும் அடிச்சுது. கணுக்கால் போச்சு. அந்தக் காலாலயே உதைச்சேன். எத்தனை தடவன்னு எண்ணல."

நாற்பத்தொன்று என்று எனக்குத் தெரியும்.

"அப்புறம் ஓடினேன். இந்தக் காலோட, வேலியப் புடிச்சுக்கிட்டே. பன்னண்டு மைல். டாக்டர் வீட்டுலதான் இருந்தாரு. அவர் கார்ல திரும்பி வந்தப்ப அஞ்சு மணி. அம்மா அவ முகத்துல போர்வைய மூடிட்டா."

"ஹார்வி?"

"நாப்பத்தாறுல வந்தான். வண்டியப் பாத்தான், என்னைப் பாத்தான். 'நான் போறப்ப ஓடிச்சு'ன்னான். அவ்வளவுதான். ஒரு வாரத்துல வடக்கே போயிட்டான். செத்துப்போன தகவல்தான் வந்துது. ஊர்ல அதுக்கு மேல சொன்னாங்க. பய பயந்துட்டான், உதைக்கவே இல்ல, மூலைல உக்காந்து அழுதுட்டு இருந்தான்னு. கால் எப்பிடி உடைஞ்சுதுன்னு எவனும் கேக்கல." என்னைப் பார்த்தான். "வண்டில கோளாறு இருந்துதுன்னா சரி. என் பேர்ல கோளாறுன்னாலும் சரி. எதுன்னு தெரியாம, பொண்ணு பாத்து வச்சிருக்கிற ஃபிளாட்ல போய் உக்காந்து கடலப் பாக்க முடியாது அவுன்ஸ்."

ஏலத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது வண்டியை முழுசாகப் பூட்டி நிறுத்தினோம். பெட்ரோல் ஊற்றியாகிவிட்டது, பிளக்கில் நீலப் பொறி பார்த்தாகிவிட்டது. உதைப்பதுதான் பாக்கி. கிளெம் அதைத் தவிர எல்லாம் செய்தான். துடைத்ததையே துடைத்தான். கிக்கரில் காலை வைத்தான், எடுத்தான்.

அந்த நேரத்தில்தான் கவுன்சிலர் நெவில் பாஸ்கோ வந்து இறங்கினார். மாவட்டப் பழம்பெரும் வாகனக் கழகத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் அவரே. மார்பில் ஐந்து பேட்ஜ். கைகளில் வெள்ளைக் கையுறை. பக்கத்து ஊரில் அவர் வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்காக வண்டியை ஏலத்துக்கு முன்பே 'பரிசீலிக்க' வந்திருந்தார்.

"சணல் வேணுமா கவுன்சிலர்?" என்றாள் வெர்னா.

"எலிகளுக்கு அஞ்சியா நாம் வரலாற்றைப் பாதுகாக்கிறோம், அம்மணி?" என்று உள்ளே நடந்தார்.

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். அட்டைப்பெட்டி கேஸ்கட்டைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். பால் குழாயைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது ஓடாது," என்றார்.

"ஏன்?" என்றேன்.

"இத்தகைய இயந்திரங்களுக்கு ஒரு கலாச்சாரம் இருக்கிறது, அவுன்ஸ். வெறும் காலால் உதைப்பதல்ல, அறிவால் உதைப்பது. இதோ, இடது கைப்பிடியில் இந்தச் சிறு லீவர். இதைத் தம் பக்கம் இழுத்தால் பொறி தாமதமாக விழும். முன்னால் தள்ளினால் முந்தி விழும். கிளப்பும்போது தாமதம் வேண்டும். முந்தி விழுந்தால் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்னே வெடித்து, உதைத்தவனையே திருப்பி உதைக்கும். ஆகவே அறிவுள்ளவன் என்ன செய்வான்?"

"இழுத்து வச்சுப்பான்," என்றான் கிளெம் மெல்ல.

"முழுவதுமாக இழுத்து வைப்பான்!" கவுன்சிலர் இழுத்து வைத்தார். சீட்டில் ஏறினார். பேட்ஜ்கள் கிலுங்கின. உதைத்தார்.

துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். கிக்கர் மின்னலாக மேலே வந்தது. கழகத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒரே உடம்பாகக் காற்றில் எழுந்து தீவன மூட்டைகள்மேல் விழுந்தார்கள். மூட்டைக்குள்ளிருந்து குறைந்தது இருநூறு சுண்டெலிகள் கிளம்பின. அவற்றில் சில கவுன்சிலரின் பேண்ட்டைப் பரிசீலித்தன.

"சணல் வேணுமான்னு கேட்டேன்ல," என்றாள் வெர்னா.

நான் வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கி, கிளெமின் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"இதேதான்," என்றான். "அன்னைக்கும் இதேதான் அவுன்ஸ். இதே சத்தம்."

கவுன்சிலரை வெர்னா காரில் ஏற்றி நர்ஸிடம் கொண்டுபோனாள். கணுக்காலில் விரிசல். கொட்டகையில் நானும் கிளெமும் மட்டும்.

மேக்னெட்டோவின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தேன். பொறியின் நேரத்தை முன்பின்னாக மாற்றும் வளையம் உள்ளே தெரிந்தது.

"கிளெம், லீவரை இழு."

இழுத்தான். வளையம் நகர்ந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

"இப்பத் தள்ளு."

தள்ளினான்.

"இன்னொரு தடவ இழு." பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்தேன். "இது வேற வண்டியோட மேக்னெட்டோப்பா. தலைகீழா வேலை செய்யற ரகம். இதுல இழுத்தா முந்தும். தள்ளினாத்தான் தாமதம். லீவரும் கேபிளும் பழசு, மேக்னெட்டோ மட்டும் மாத்தினது. நீ இழுத்து வச்சு உதைச்ச. அடிச்சுது. தாமதம் போதலைன்னு இன்னும் இழுத்த. வண்டி தெரிஞ்ச எவனும் அதைத்தான் செஞ்சிருப்பான். வண்டி தெரியாத ஒருத்தன் சும்மா தள்ளிவிட்டு உதைச்சிருந்தா..."

தொடங்கியிருக்கவே வேண்டாம். அந்த ஒரு வாக்கியத்தின் எடையை நான் முன்பே போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

கிளெம் நின்றபடியே இடது கையை முஷ்டி பிடித்து நீட்டினான். கைப்பிடி எதுவும் இல்லாத வெறும் காற்றில். கட்டை விரலை முன்னால் தள்ளினான். மறுபடி தள்ளினான்.

"போடான்னு சொல்லல அவன்," என்றான்.

கூரையில் எலிகள் ஓடுவது நின்றிருந்தது.

"சொல்லிட்டான் அவுன்ஸ். ரயில்லேந்து சொல்லிட்டான். நானும் திருப்பிக் காட்டினேன்ல, அதான் சிரிச்சான், புரிஞ்சுதுன்னு. அதான் அப்பிடிச் சொன்னான். நான் போறப்ப ஓடிச்சுன்னு." கையை இறக்காமலே நின்றான். "சொல்லியும் நான் செய்யலன்னு நெனச்சுக்கிட்டே செத்திருக்கான்."

பிறகு வண்டியிடம் போனான். லீவரை முன்னால் தள்ளினான். அந்தத் திரும்பிய பாதத்தைக் கிக்கரில் வைத்து ஒரே ஓர் உதை.

கிளம்பியது. தகரக் கொட்டகை முழுக்க அதிர்ந்தது. நாற்பது வருஷத் தூசி மண்குளவிக் கூட்டின் மிச்சத்தோடு புகைக்குழாயிலிருந்து பறந்தது. ஒற்றைச் சிலிண்டரின் தட், தட், தட். பதற்றமில்லாத, பண்ணைக்காரன் நடப்பதுபோன்ற சத்தம். நான் கை தட்ட எழுந்து, அவன் கண்ணைப் பார்த்து, கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். கிளெம் அரை நிமிஷம் கேட்டுவிட்டு எஞ்சினை நிறுத்தினான்.

வெர்னா ஊரிலிருந்து திரும்பி வாசலில் நின்றிருந்தாள்.

"கெளம்பிடுச்சா?"

"ஒரே உதை வெர்னா. ஒண்ணே ஒண்ணு."

"நீ பொய் சொல்லலன்னு ஆச்சுல்ல. ஊர் வாயில நான் மண்ணள்ளிப் போடறேன், இரு."

"ஆச்சு," என்றான் கிளெம். "ஒரு உதைதான் தேவைப்பட்டிருக்கு."

சனிக்கிழமை ஏலம் நடந்தது. இருநூறு பேர் கணுக்காலில் சணலோடு வந்து சாசேஜும் ரொட்டியும் தின்றார்கள். ஊர் வாயில் மண் போடுவதாகச் சொன்ன வெர்னா அதைச் செய்தாள். தேநீர் மேசையில் நின்று, கப்பை நீட்டிய ஒவ்வொருவனிடமும் மேக்னெட்டோவை விளக்கிவிட்டுத்தான் சர்க்கரை போட்டாள். சிலர் கிளெமிடம் போய்க் கையைக் குலுக்கினார்கள். எதற்கு என்று சொல்லாமல் குலுக்கினார்கள், அது எங்கள் ஊர் மன்னிப்பு. வண்டியைக் கவுன்சிலரே எடுத்தார், ஊன்றுகோலில் நின்றுகொண்டு. போட்டிக்கு யாரும் வரவில்லை. பெட்ரோலை வடித்துவிட்டு, லாரியில் படுக்க வைத்துக் கட்டி, பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிச் சுவருக்குள் நிறுத்தினார். முன்னால் ஒரு பித்தளைப் பலகை. அதில் அவர் பெயர்.

புதன்கிழமை காலை வடகாற்று கிளம்பியது. கிளெமும் வெர்னாவும் வீட்டைக் காலி செய்ய இன்னும் ஒரு வாரம் இருந்தது.

பத்து மணிக்கே வானம் செங்கல் நிறம். பதினொன்றுக்கு எதிரே இருந்த கழிப்பறை மறைந்தது. அறுவடை இல்லை, லாரி இல்லை. எலி அரிக்காமல் கோதுமைக் குவியல்களின் தார்ப்பாயை இறுக்கிவிட்டு, மேடையோரக் குடிசைக்குள் உட்கார்ந்து ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டிருந்தேன். எடைமேடையின் தராசுத் தண்டு பூஜ்யத்தில் அசையாமல் நின்றது.

பன்னிரண்டு இருபதுக்குச் சத்தம் கேட்டது. முதலில் காற்றென்று நினைத்தேன். பிறகு அந்தத் தட், தட், தட். கிளெம் பண்ணைச் சாலையிலிருந்து, தூசிக்குள், முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தது.

எழுந்து ஜன்னலுக்குப் போனேன். தூசியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சத்தம் நேராக வந்தது, வேகம் குறைந்தது, மேடையின் இரும்புத் தகடுகள் டக்கென்று ஒரு முறை ஒலித்தன. என் கண்ணெதிரே தராசுத் தண்டு மேலே எழுந்தது.

இரண்டு மூச்சு நேரம் எழுந்து நின்றது. பத்தொன்பது வருஷமாக இந்தத் தண்டைப் பார்க்கிறேன். எது ஏறினால் எவ்வளவு எழும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். ஐந்நூறு சி.சி. வண்டி ஒன்று. அதன்மேல் ஒல்லியான ஓர் ஆள், இருபத்திரண்டு வயதுக்காரன் இருக்கும் எடை.

தண்டு இறங்கியது. சத்தம் தெருவைக் கடந்தது, எதிரே, டாக்டர் வீடு இருந்த இடத்தில் நின்றது. எஞ்சின் அணைந்தது. ஒரு கேட் கிரீச்சிட்டது. கழிப்பறைக்குக் கேட் கிடையாது. பூட்ஸ் கால் இரண்டு, படியேறி ஓடியது.

பிறகு காற்று மட்டும்.

போனை எடுத்தேன். பண்ணையின் நாலு எண்ணைச் சுழற்றினேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் கிளெம் எடுத்துவிட்டான். 

"நான் வந்து சேந்துட்டேனா, அவுன்ஸ்?" என்றான்.

அவனுக்குப் பின்னால் சமையலறையில் வெர்னாவின் குரல் கேட்டது. "ஒண்ணு. ஒண்ணோட நின்னுடுச்சு. ஒண்ணுதான்," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்ட," என்றேன். "பன்னண்டு இருபது."

"இங்க பன்னண்டு மணிக்குக் கெளம்பிச்சு." கணக்குப் போட்டான். "இருபது நிமிஷம். பரவால்ல, தூசில இருபது நிமிஷம் நல்ல வேகம்தான்."

"நல்ல வேகம்."

மூச்சு வாங்குவது கேட்டது, ஓடி வந்தவனைப்போல.

"அவுன்ஸ், டாக்டர் வீட்ல இருந்தாரா?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தூசி ஒரு கணம் விலகி, கழிப்பறைச் சுவரில் கவுன்சிலரின் பித்தளைப் பலகை மின்னிவிட்டு மறைந்தது. அந்தப் பலகையைப் பற்றி என்னிடம் பத்தொன்பது நகைச்சுவைகள் இருந்தன. நாக்கில் ஒன்றும் வரவில்லை.

"இருந்தாருப்பா," என்றேன். "பையை எடுத்துட்டாரு. இப்பத்தான் கார்ல ஏறறாரு."